திறந்து விட்ட குழாய்

ஒரே வீட்டுக்கு வாழ வந்த இரண்டு மருமகள்கள் மாதக்கணக்கில் பேசிக்கொள்ளவில்லை என்றால், அந்த வீடு அமைதியாக இருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். பேசாதவர்கள் போடுகிற சத்தம் இருக்கிறதே, அதில் பாதிகூடப் பேசுகிறவர்களால் போட முடியாது. பெரியவள் ஒரு கரண்டியைக் கீழே வைத்தால் மூன்றாம் வீட்டுக்குக் கேட்கும். சின்னவள் அலமாரியைச் சாத்தினால் சுவர்க் கடிகாரம் ஒரு குலுங்கு குலுங்கும். நடுவில் கிடந்து அல்லாடியது அண்ணன் தம்பி இரண்டு பேரும், அவர்களைப் பெற்ற மாமனாரும்தான்.

பெரியவள் அண்ணனைக் கட்டியவள். கண் ஆஸ்பத்திரியில் வரிசை எண் கூப்பிடுகிற வேலை. கூடம் நிறைய ஆட்கள் கசமுசாவென்று பேசிக்கொண்டிருந்தாலும், கடைசி நாற்காலியில் தூங்குகிறவனைத் தூக்கிவாரிப்போட வைக்கும் குரல். சின்னவள் தம்பியைக் கட்டியவள், வீட்டிலேயே தையல். மெலிந்த உடம்பு, மெலிந்த குரல், போதாக்குறைக்கு மூச்சிரைப்பு வேறு. பனி, தூசி, எண்ணெய்ப் புகை, எது வந்தாலும் நெஞ்சு விசில் அடிக்கும். வாயில் வைத்து இழுக்கிற மருந்துக் குப்பி எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருந்தாக வேண்டும்.

இவர்களுக்குள் சண்டை வந்தது ஒரு வெள்ளைக் கோட்டினால். பெரியவளின் மகள் பல் மருத்துவம் படிக்கத் தேர்வாகி, முதல் நாள் போட்டுக்கொள்ள ஆசையாக வாங்கி வைத்திருந்த கோட்டு. பெரியவள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் சின்னவள் அதைத் துவைத்துக் காயப்போட்டாள். சாயங்காலம் வந்து பார்த்தால் கோட்டு முழுக்கத் திட்டுத் திட்டாகச் செம்பழுப்பு. அதே படிப்புக்குப் பரீட்சை எழுதிய சின்னவளின் மகனுக்கு இடம் கிடைக்கவில்லை என்பது சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த கதை. இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போடப் பெரியவளுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? “உன் பிள்ளைக்குக் கிடைக்கலைன்னு என் பிள்ளை கோட்டுல காட்டிட்டியா?” என்று கேட்டுவிட்டாள். அந்தக் குரலில் கேட்டாள். தெருவே நின்று கேட்டது. கொட்டிய வார்த்தையை அள்ள முடியுமா? அன்றோடு பேச்சு நின்றது.

அதற்குப் பிறகு எல்லாம் ஜாடைதான். மாமனாரை நடுவில் நிறுத்திக்கொண்டு பேசினார்கள். “மாமா, காஸ் தீந்துபோச்சுன்னு சொல்ல வேண்டியவங்ககிட்ட சொல்லிடுங்க” என்பாள் ஒருத்தி. சொல்லப்பட வேண்டியவள் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருப்பாள். “நான் என்ன தபால்காரனா?” என்று சலித்துக்கொள்வார் அவர். அவரும் மாடிப்படியில் வழுக்கி விழுந்து, இடுப்பில் ஆபரேஷன் ஆகி ஆஸ்பத்திரியில் படுத்துவிட்ட பிறகு தூதுக்கு ஆளில்லை. ஃப்ரிட்ஜிடம் பேசினார்கள், வாஷிங் மெஷினிடம் பேசினார்கள். சுவருக்கும் காது உண்டு என்பார்களே, அந்த வீட்டுச் சுவருக்குக் காது புளித்தே போயிருக்கும்.

ஜாடைக்கு ஒரு மாற்று ஆயுதமும் இருந்தது. ஒருத்தி சுவரைப் பார்த்து வாயைத் திறந்தால், மற்றவள் பக்கத்தில் இருக்கிற குழாயை முழுசாகத் திறந்து விட்டுவிடுவாள். நீ கத்து, எனக்குக் கேட்கவில்லை என்று அர்த்தம். குழாய்க்குள் உப்புப் படிந்து அடைத்துக்கொண்டிருந்ததால் தண்ணீர் அடித்துப் பிடித்துக்கொண்டு இரைச்சலோடு வரும். எந்தப் பேச்சும் அதில் முங்கிப்போகும். இதை யார் ஆரம்பித்தது என்று கேட்டால் பெரியவள் யோசிக்காமல் சின்னவளைத்தான் கை காட்டுவாள்.

சின்னவளிடம் கூடுதலாக இன்னொன்றும் இருந்தது. இருமல். பெரியவள் அடுப்பில் எதையாவது வறுக்க வேண்டியதுதான் தாமதம், தையல் மெஷினை நிறுத்திவிட்டு லொக்கு லொக்கென்று ஆரம்பித்துவிடுவாள். அதில் பாதி நிஜம், பாதி நடிப்பு என்பது பெரியவளின் கணக்கு. அதைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்றைக்கு மாமனார் வீட்டுக்கு வருகிறார். அண்ணனும் தம்பியும் வண்டி எடுத்துக்கொண்டு காலையிலேயே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்கள். அவர் மாடி ஏறக் கூடாது. கீழே பின்பக்கத்தில் இருக்கிற குளியலறையில், ஷவருக்கு அடியில் நாற்காலி போட்டு உட்கார வைத்துத்தான் குளிப்பாட்ட வேண்டும். “தையல் போட்ட இடம், பாத்ரூம் பளிச்சுனு இருக்கணும்” என்று நர்ஸ் இரண்டு மருமகள்களிடமும் தனித்தனியாகச் சொல்லியிருந்தார். ஒன்றாக நிற்க வைத்துச் சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. அவர்கள்தான் ஒன்றாக நிற்கவே மாட்டார்களே!

அந்தக் குளியலறையின் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். கிணற்றுத் தண்ணீரில் உப்பும் இருந்தது, இரும்பும் இருந்தது. ஷவர் இருக்கிற மூலையைத் தடுத்து ஒரு கண்ணாடி அடைப்பு, அதற்கு இழுத்துச் சாத்துகிற கண்ணாடிக் கதவு. கண்ணாடி என்று பெயர்தான். உப்புப் படிந்து படிந்து அந்தப் பக்கம் நிற்பது ஆணா பெண்ணா என்றே தெரியாது. ஷவரின் துளைகளில் பாதி அடைத்துப்போய் மீதி நாலாபக்கமும் பீச்சும். “இதுல குளிச்சா வெளியில நிக்கறவன்தான் நனைவான்” என்பார் மாமனார். ஷவருக்குக் கீழே சுவரில், தரைவரைக்கும் துருக் கறை கோடு கோடாக இறங்கியிருந்தது. கதவு ஓடுகிற தண்டவாளத்தில் உப்பு கெட்டிப்பட்டுக் கல்லாகி, பாதி வழியில் கதவு மாட்டிக்கொள்ளும்.

பெரியவள் ஆஸ்பத்திரியில் விடுப்புச் சொல்லிவிட்டுக் காலையிலேயே சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டாள். மாமனார் உள்ளே நுழைந்ததும் ‘யாரம்மா இப்படித் தேய்ச்சது’ என்று கேட்க வேண்டும். பதிலைத் தான் சொல்லக் கூடாது, குளியலறையே சொல்ல வேண்டும். ப்ளீச்சிங் பவுடரைத் தண்ணீரில் குழைத்து, கண்ணாடியிலும் சுவரிலும் தரையிலும் தாராளமாக அப்பினாள். வெள்ளையாக வேண்டும் என்றால் ப்ளீச்சிங்தான். இது தெரியாதா என்ன? டப்பாவில் சிவப்பு எழுத்தில் ‘ஆசிடுடன் சேர்க்காதீர், விஷ வாயு’ என்று போட்டிருந்தது. படித்தாள். நம்மிடம் ஏது ஆசிட் என்று டப்பாவை மூடி வைத்தாள்.

கொஞ்ச நேரம் ஊறவிட்டு வந்து, சுவரில் ஓர் இடத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவிப் பார்த்தாள். கறை போகவில்லை. போகாததோடு, முன்னே மஞ்சளாக இருந்த இடமெல்லாம் செங்கல் நிறமாகியிருந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு இன்னொரு இடம் பார்த்தாள். அங்கேயும் அப்படியே. திட்டுத் திட்டாக, ஓரம் மட்டும் கொஞ்சம் கருத்து, நடுவில் செம்பழுப்பாக. இந்தத் திட்டை அவள் எங்கேயோ பார்த்திருக்கிறாள். எங்கே என்று யோசிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை.

கோட்டு. மகளின் வெள்ளைக் கோட்டு.

 புதுக் கோட்டு இன்னும் பளிச்சென்று இருக்கட்டுமே என்று சின்னவளும் இதே ப்ளீச்சிங்கைத்தான் போட்டிருக்கிறாள். வெளுக்கப் போட்ட ப்ளீச்சிங் பட்டு, தண்ணீரில் கரைந்திருந்த இரும்பு துருவாக உட்கார்ந்துகொண்டிருக்கிறது. பொறாமையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. தானும் இப்போது அதையேதான் செய்திருக்கிறாள். தன்னை யார் கேட்டார்கள், யார்மேல் பொறாமையில் இந்தச் சுவரைக் கெடுத்தாய் என்று?

வாளியை வெளியே எடுத்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள். அப்பியதைக் கழுவிவிட வேண்டும் என்று தோன்றியது, கால் எழவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தாள். போய்ச் சொல்லிவிட்டால் என்ன? என்னவென்று சொல்வது? தப்பு அடுத்தவள்மேல் இருக்கிறவரை வாய் தாராளமாகத் திறக்கும். தன்மேல் என்று தெரிந்துவிட்டால் பூட்டு விழுந்துவிடும். பெரியவளுக்கு அப்படிப் பூட்டிக்கொண்டது.

அப்போதுதான் அடுப்படி ஜன்னல் வழியாகச் சின்னவள் பின்கதவைத் தள்ளிக்கொண்டு வருவது தெரிந்தது. கையில் ஒரு வாளி. வாளிக்குள் தேய்க்கிற பிரஷ். பிரஷுக்குப் பக்கத்தில் சிவப்பு மூடி போட்ட கறுப்பு பாட்டில்.

ஆசிட்.

சின்னவளுக்கும் மாமனார் வருகிறார் அல்லவா! அவளும் ஹார்டுவேர் கடைக்குப் போய்க் கேட்டிருக்கிறாள். உப்பும் துருவும் கரைய ஆசிட்தான் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நேராகக் குளியலறைக்குள் போனாள். ஐந்தாறு நாளாகச் சளி பிடித்து அவளுக்கு மூக்கே இல்லை. உள்ளே ப்ளீச்சிங் நெடி மண்டையைப் பிளந்தாலும் தெரியாது. கண்ணால் பார்த்தாவது தெரியுமா? உப்பும் வெள்ளை, காய்ந்த ப்ளீச்சிங்கும் வெள்ளை. இது தண்ணீர் அப்பியதா, பெரியவள் அப்பியதா என்று யார் கண்டது?

பெரியவள் எழுந்து ஓடினாள். குளியலறைக்கு வெளியே வாஷிங் மெஷின் வரைக்கும் ஓடினாள். அங்கே நின்றுவிட்டாள்.

‘உள்ளே போய் நேராகச் சொல்’ என்றது மனசு. சொன்னால் அவள் திரும்பி முகத்தைப் பார்ப்பாள். அந்த முகத்துக்கு முன்னால் இப்போது எப்படி நிற்பது? பாழாய்ப்போன பழக்கம் முந்திக்கொண்டது. பெரியவள் வாஷிங் மெஷினைப் பார்த்தபடி உரக்கச் சொன்னாள்:

“கண்ணாடியிலயும் சுவத்துலயும் ப்ளீச்சிங் அப்பி வச்சிருக்கு. யாரும் ஆசிட்ட ஊத்திடாதீங்க. ரெண்டும் சேந்தா ஆளையே…”

உள்ளே குழாய் முழுசாகத் திறந்துகொண்டது. தடதடவென்று தண்ணீர் வாளியில் விழுந்தது. ‘ப்ளீச்சிங்’ என்ற சொல் அவள் காதுக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. பெரியவளின் குரல் என்பது மட்டும் சேர்ந்திருக்கும். அது போதும், கை தானாகக் குழாய்க்குப் போய்விடும். பிறகு கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்துகிற கரகர சத்தம். கதவின் உள்பக்கம் முழுவதையும் தேய்க்க வேண்டும் என்றால் சாத்திக்கொண்டுதான் தேய்க்க முடியும்.

பெரியவளுக்கு முகம் சிவந்தது. சொல்லியாச்சு. கேட்காமல் குழாயைத் திறந்தால் அது யார் தப்பு? நாலு எட்டு வைத்து அடுப்படிக்கே திரும்பினாள். வாசற்படியில் கால் தடுமாறியது. சொல்லியாச்சா? யாரிடம் சொன்னாய்? வாஷிங் மெஷினிடம் சொன்னாய். வாஷிங் மெஷினா ஆசிட் ஊற்றப்போகிறது?

அப்போது இருமல் கேட்டது.

லொக்கு. லொக்கு லொக்கு.

தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவில் அமுங்கித்தான் கேட்டது. பெரியவளுக்கு முதலில் வந்தது பயமில்லை, எரிச்சல். ஆரம்பிச்சுட்டா, என்று நினைத்தாள். நான் ப்ளீச்சிங் என்று சொன்னதற்கு இது பதில். அடுப்படிக்கு இருமுகிற மாதிரி இப்போது என் பேச்சுக்கு இருமுகிறாள். எத்தனை தடவை கேட்டாயிற்று இந்த இருமலை! பாதி நிஜம், பாதி நடிப்பு.

இருமல் விடவில்லை. ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு வந்தது. நடுவில் மூச்சை உள்ளே இழுக்கிற ஒரு சத்தம், கிழிகிற மாதிரி. கண்ணாடியில் ஏதோ மோதியது. பிறகு இருமல் நின்றுவிட்டது. தண்ணீர் மட்டும் விழுந்துகொண்டிருந்தது.

நடிக்கிறவள் எதிராளி காதில் விழுகிறவரைக்கும் நடிப்பாள். இப்படி நடுவில் நிறுத்த மாட்டாள். பெரியவள் “ஐயோ!” என்று ஓடினாள்.

குளியலறைக் கதவைத் தள்ளியதும் மூக்கிலும் கண்ணிலும் நெருப்பை வைத்த மாதிரி இருந்தது. இரண்டடி பின்னால் வந்து, வாஷிங் மெஷினுக்குப் பக்கத்துக் குழாயில் முந்தானையை நனைத்து மூக்கோடு வாயோடு சுற்றிக்கொண்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், வெள்ளைப் படிவுக்குப் பின்னால், கீழே குந்தியிருக்கிற உருவம் மங்கலாகத் தெரிந்தது. உள்ளேயிருந்து ஒரு கை கண்ணாடியில் பட்டுப் பட்டு வழுக்கியது.

“அடியே! அடியே, நான்தான்! கதவத் தள்ளு!”

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு நேராகச் சொன்ன முதல் பேச்சு அதுதான். சின்னவளால் தள்ள முடியவில்லை. பெரியவள் வெளியிலிருந்து இழுத்தாள். கதவு ஒரு சாண் நகர்ந்து மாட்டிக்கொண்டது. தண்டவாளத்தில் கெட்டிப்பட்ட உப்பு. அந்தச் சந்தில் கை போகும், ஆள் வர முடியாது. மறுபடி இழுத்தாள். நகம் பிய்ந்ததுதான் மிச்சம். அடக்கிய மூச்சு தீர்ந்துபோய், வெளியே ஓடி ஒரு வாய் காற்றை வாங்கிக்கொண்டு திரும்ப வந்தாள்.

அந்தக் கதவின்மேல் அவளுக்குப் பழைய பகை ஒன்று உண்டு. கழுவும்போது கீழ் மூலையில் கொஞ்சம் பலமாக முழங்கால் பட்டால் கதவு தண்டவாளத்தை விட்டுக் கழன்றுவிடும். அப்படிக் கழன்ற ஒவ்வொரு தடவையும் ‘யாரோ முரட்டுத்தனமாத் தொறக்கறாங்க’ என்று ஃப்ரிட்ஜிடம் புகார் சொல்லியிருக்கிறாள். கழற்றியது பல தடவை அவளேதான். இப்போது முழங்காலை மடக்கிக் கீழ் மூலையில் ஓர் இடி இடித்தாள். அசையவில்லை. இன்னோர் இடி. உப்பு பொடிப்பொடியாக உதிர்ந்தது. மூன்றாவது இடியில் கண்ணாடி கீழே கழன்று தன் பக்கம் சாய, அதைத் தோளால் தாங்கிக்கொண்டே ஒரு கையை விட்டுச் சின்னவளின் தோள்பட்டையைப் பிடித்தாள். இழுத்தாள். துணி மூட்டையை இழுக்கிற மாதிரி, கொஞ்சமும் தயவில்லாமல் தரதரவென்று இழுத்துக்கொண்டு பின்கதவுக்கு வெளியே முற்றத்தில் கொண்டுவந்து போட்டாள்.

சின்னவளின் உதடு நீலம் பாரித்திருந்தது. கண் திறக்க முடியவில்லை. நெஞ்சு எம்பி எம்பி விழுகிறது, காற்று மட்டும் உள்ளே போகவில்லை. பழக்க தோஷத்தில் கையைத் தூக்கி வீட்டுப் பக்கம் காட்டினாள். ஃப்ரிட்ஜ். ஃப்ரிட்ஜுக்கு மேல்தான் அவளுடைய மருந்துக் குப்பி எப்போதும் இருக்கும்.

அங்கே இல்லை. பெரியவளுக்குத் தெரியும் அங்கே இல்லையென்று. முந்தாநாள் ஃப்ரிட்ஜ் மேலே துடைக்கிற சாக்கில், ‘கண்ட கண்ட சாமான வைக்க இதென்ன அலமாரியா’ என்று முனகிக்கொண்டே அதைத் தூக்கிக் கரண்டி டிராயரின் அடியில் போட்டது அவள்தான். சின்னவள் தேடட்டும், தேடிக் கேட்கட்டும், அப்போதாவது வாயைத் திறந்து கேட்கட்டும் என்று. சின்னவள் கேட்கவில்லை. இரண்டு நாளாக மருந்தில்லாமலே இருந்திருக்கிறாள்.

ஓடிப்போய் டிராயரை உருவினாள். கரண்டிகள் எல்லாம் தரையில் சிதறின. குப்பியை எடுத்துக்கொண்டு வந்து, சின்னவளைத் தன் மேல் சாய்த்து உட்கார வைத்து, அதை வாயில் வைத்து அழுத்தினாள். “இழு. இழுடி. கொஞ்சம்தான், இழு.” பாதி மருந்து வெளியிலேயே போயிற்று. இன்னொரு தடவை அழுத்தினாள். நெஞ்சுக்குள் சின்னதாக ஒரு விசில் சத்தம் கேட்டது. அந்த விசிலைக் கேட்டுப் பெரியவளுக்கு அழுகை வந்துவிட்டது. காற்று போகிறது; போனால்தானே விசில் வரும்!

முற்றத்துக் குழாயில் தண்ணீர் பிடித்து அவள் கண்ணிலும் முகத்திலும் கையிலும் ஊற்றிக்கொண்டே இருந்தாள். ஒரு கையால் போனை எடுத்துப் புருஷனுக்கு அடித்தாள். “எங்க இருக்கீங்க? எங்க இருந்தாலும் சரி, வேகமா வாங்க. மாமாவ எறக்கிட்டு அதே வண்டியில இவளக் கூட்டிட்டுப் போகணும். இவதாங்க! உங்க தம்பி பொண்டாட்டி! ஆசிட் புகை நெஞ்சுக்குள்ள போயிடுச்சு!” தெருமுனைக்கு வந்துவிட்டதாகச் சொன்னான். ஆஸ்பத்திரிக்கும் அடித்துக் கேட்டாள். காற்றோட்டமாக உட்கார வையுங்கள், தனியாக விடாதீர்கள், உடனே கூட்டி வாருங்கள், யாரும் அந்த அறைக்குள் திரும்பப் போகாதீர்கள் என்றார்கள்.

சின்னவளின் உதட்டில் மெல்ல நிறம் திரும்பியது. கண்ணைத் திறந்து, யார்மேல் சாய்ந்திருக்கிறோம் என்று பார்த்தாள். விலகப் பார்த்தாள், தெம்பில்லை. பெரியவளும் விடவில்லை.

“நான் சொன்னேனேடி. ப்ளீச்சிங் இருக்குன்னு சொன்னேனே” என்றாள் பெரியவள். சொல்லும்போதே குரல் உடைந்தது. “உங்கிட்ட சொல்லல. மெஷின்கிட்ட சொன்னேன். பாவி, மெஷின்கிட்டப் போய்ச் சொன்னேன்.”

சின்னவள் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

“அந்தக் கோட்டு…” என்று ஆரம்பித்தாள் பெரியவள். “ப்ளீச்சிங் போட்டா இந்தத் தண்ணிக்கு இன்னும் செவக்குது. இன்னிக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது. நீ வேணும்னு பண்ணல.”

“எனக்கு… அப்பவே தெரியும்க்கா.” குரல் கீறல் விழுந்து வந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் நிறுத்தி மூச்சை இழுத்தாள். “மறுநாள் என் பழைய துணி ஒண்ணுல போட்டுப் பாத்தேன். அதுவும் அப்படியே ஆச்சு. எடுத்துட்டு வந்தேன்… உங்ககிட்ட காட்ட.”

“எங்கிட்டயா? எப்ப?”

“நீங்க பாத்திரம் தேய்ச்சுட்டு இருந்தீங்க. அக்கான்னு கூப்பிட்டேன். நீங்க திரும்பல.” கொஞ்சம் இருமினாள். “குழாயத் தெறந்து விட்டுட்டீங்க.”

பெரியவளுக்கு ஞாபகம் வந்தது. பின்னால் யாரோ வந்து நின்றது, கையில் ஏதோ துணி இருந்தது, ‘அக்கா’ என்று மெலிசாக ஒரு குரல் கேட்டது. அதற்கு முன்னால் அந்த வீட்டில் யாரும் யாருக்கும் குழாயைத் திறந்து விட்டதில்லை. அவள்தான் முதல். கற்றுக்கொடுத்தவளே அவள்தான். சின்னவள் கற்றுக்கொண்டு, இன்றைக்கு அதே வித்தையோடு ஆசிட் பாட்டிலைத் திறந்திருக்கிறாள்.

உள்ளே குளியலறையில் அந்தக் குழாய் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. வாளி நிரம்பி வழிந்து, தரையில் இருந்த எமனையெல்லாம் கழுவிச் சாக்கடைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. இரைச்சல் முற்றம் வரைக்கும் வந்தது. போய் மூடவும் முடியாது. அந்த அறைக்குள் யாரும் காலெடுத்து வைக்கக் கூடாது. எதைப் பேசினாலும் அந்தச் சத்தத்துக்கு மேலேதான் பேசியாக வேண்டும்.

“தப்புதான்டி. என்ன மன்னிச்சுடு” என்றாள் பெரியவள். வாய்க்குள்ளேயே சொன்னாள். அந்தக் குரலுக்கு இப்படி மெதுவாகப் பேச வரும் என்று அன்றுவரை யாருக்கும் தெரியாது.

“கேக்கல” என்றாள் சின்னவள்.

“மன்னிச்சுடுன்னு சொன்னேன்.”

“தண்ணி சத்தம். கேக்கலக்கா.”

பெரியவள் அவள் முகத்தைப் பார்த்தாள். கண் இரண்டும் சிவந்து நீர் வழிந்துகொண்டிருந்தது; அதில் ஆசிட் எவ்வளவு, அழுகை எவ்வளவு என்று பிரிக்க முடியவில்லை. விளையாடுகிறாளா, நிஜமாகவே கேட்கவில்லையா என்றும் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்று பெரியவளுக்குத் தோன்றவும் இல்லை. ஒரு முழு மூச்சை இழுத்தாள். அன்றைக்குத் தெருவே கேட்கக் கோட்டைப் பற்றிக் கேட்டாளே, அதே குரலை எடுத்தாள்.

“தப்பு பண்ணிட்டேன்! நீ பண்ணல, நான்தான் பண்ணினேன்! என்ன மன்னிச்சுடு!”

பக்கத்து வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது. பின்வாசலில் வண்டி வந்து நின்றிருந்தது. தம்பி கதவைத் திறந்து குதித்துப் பொண்டாட்டியை நோக்கி ஓடி வந்தான். வண்டிக்குள், இடுப்புப் பட்டையோடு, தலையணைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த மாமனார் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார்.

“எனக்கு நல்லாக் கேட்டுச்சும்மா!” என்றார். “அவளுக்குக் கேக்கலையா?”

தம்பி சின்னவளைக் கைத்தாங்கலாகத் தூக்கினான். இன்னொரு பக்கம் பெரியவள் தாங்கிக்கொண்டாள். வண்டிக்குக் கிட்டத்தில் போனதும் சின்னவள் நின்று, பெரியவளைப் பார்க்காமல், மாமனாரைப் பார்த்து, கீறல் விழுந்த குரலில் சொன்னாள்:

“இன்னொரு தடவ சொல்லச் சொல்லுங்க மாமா.”